ஒன்பது இருபது விமானம்

தம்பி,

இதை வேலைத்தலத்தில் நின்றுகொண்டு வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு இருந்து வாசி. உன் தமிழ் வாசிப்பு எழுத்துக்கூட்டி வாசிப்பு என்பது எனக்குத் தெரியும். பத்து வருடம் சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன அம்மா நான். அதன் பலன் எவ்வளவு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எங்கேயாவது முட்டுப்பட்டால் நிலானியைக் கூப்பிடு. அவள் கடகடவென்று வாசிப்பாள். இதில் அவளுக்குத் தெரியக்கூடாதது ஒன்றும் இல்லை. முக்கியமானதை நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ தப்பிவிடுவாய். சந்தோஷமாக இருந்தால் தமிழில் கதைப்பாய், பசித்தால் தமிழில் கதைப்பாய், பயம் வந்தால் மட்டும் டேனிஷுக்குள் ஓடிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். செவ்வாய்க்கிழமை நீ கதைத்தது முழுக்க டேனிஷ். பெரிய மாமி, அப்பாவின் அக்கா என்கிற உரிமையோடு, உனக்கு எடுத்துக் கதைத்தாராம். நீயும் யோசித்தாயாம். ஞாயிற்றுக்கிழமை தாலிப் பொன்னுருக்குக்கு ஓகூஸிலிருந்து வரவேண்டிய நகைப் பத்தரை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறாயாம். ஊர் முழுக்கக் குசுகுசுக்கிற ஒரு கல்யாணத்துக்குள் நிலானியைக் கொண்டுவந்து நிறுத்த உனக்கு மனம் இல்லையாம். அதோடு ஒன்று சொன்னாய் பார், அதுதான் எனக்கு மூன்று நாளாக நெஞ்சுக்குள் நிற்கிறது. அந்த விமானி நேரத்தோடு திரும்பிப் போயிருந்தால் அப்பா இருந்திருப்பார், நாங்களும் நேரத்தோடு திரும்பிவிடுவது நல்லது என்றாய். நான் 'சரி, பிறகு கதைப்பம்' என்று வைத்துவிட்டேன். இப்போது கதைக்கிறேன்.

தபாலில் போடலாம் என்று பார்த்தால், இந்த நாட்டில் சிவப்புத் தபால்பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நம் தெருமுனையில் அது நின்ற இடத்தில் இப்போது இரண்டு ஆணி ஓட்டைதான் இருக்கிறது. ஆகவே தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறேன். நான் ஒரு பக்கமும் விடாமல் அனுப்புவேன். நீ ஒரு பக்கமும் விடாமல் வாசி.

முதலில் என் பொய். போன வருடம் உங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வர, அப்பாவுக்கும் எனக்கும் நீதான் விமானச் சீட்டு எடுத்து அனுப்பினாய். ரயிலில் அவ்வளவு நேரம் இருந்தால் அப்பாவின் இடுப்பு பிடித்துவிடும் என்று. சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குக் கொப்பன்ஹேகனிலிருந்து புறப்படுகிற விமானம். அன்றிலிருந்து நீ உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். காற்றாலையில் வேலை செய்கிறவன், நாள் முழுக்கக் காற்றை அளக்கிறவன், அன்றைக்குக் காற்றைப் பார்க்காமல் சீட்டு எடுத்துவிட்டேனே என்று ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் தலையை முட்டி அழுதாய். நான் உன் தலையைத் தடவினேன். வாயைத் திறக்கவில்லை. தம்பி, நீ எடுத்த சீட்டில் ஒரு பிழையும் இல்லை. ஒன்பது இருபது விமானம் வெயிலில் இறங்கியது. அன்று காலை உன் பல்கனியிலிருந்து நீலவானத்தைப் படம் எடுத்து 'அம்மா இஞ்ச நல்ல வெயில்' என்று அனுப்பினாயே, அந்த வெயிலில்தான் இறங்கியது. நாங்கள்தான் அதில் வரவில்லை.

காலையில் முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை, மாற ஆள் இல்லை, அதனால் மத்தியான விமானத்துக்கு மாற்றிவிட்டேன் என்று உனக்குச் சொன்னேன். பொய். அன்று எனக்கு லீவு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். மகனுக்குச் சம்பந்தம் பேசி, அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போகிற பயணம் ராகுகாலத்தில் நிலத்தைவிட்டு எழும்பக்கூடாது என்று நான் நினைத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை நானே தொலைபேசி எடுத்து, எனக்குத் தெரிந்த டேனிஷில் விமானக் கொம்பனிப் பிள்ளையோடு மல்லுக்கட்டி மாற்றினேன். மாற்றிவிட்டுத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த மாரியில இஞ்ச எட்டு மணிக்குத்தான் சூரியனே எழும்புது. யாழ்ப்பாணத்து மணிக்கூட்டை வைச்சுக்கொண்டு ராகு இஞ்ச வருவாரே? அவருக்கு ஆரப்பா விசா குடுத்தது?" என்றார்.

"பகிடி விடாதையுங்கோ. நல்ல காரியத்துக்குப் போறம்" என்றேன்.

"சரி சரி, மத்தியானமே போவம். அப்ப காலமை புட்டை ஆறுதலாச் சாப்பிடலாம்" என்றார். அப்படியே சாப்பிடவும் செய்தார். இரண்டாம் தரம் சம்பல் கேட்டு வாங்கினார்.

நீ நினைப்பாய், அம்மா எப்போதும் இப்படித்தானே என்று. ஓம், எப்போதும் இப்படித்தான். ஐந்தாம் வகுப்பில் உன்னை எல்லாப் பிள்ளைகளோடும் ஒரு தீவுக்கு ஐந்து நாள் கூட்டிக்கொண்டு போக இருந்தார்கள். புறப்படுகிற நாள் நவமி. உனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியருக்குச் சொல்லி உன்னை வீட்டில் வைத்துக்கொண்டேன். ஒரு காய்ச்சலும் இல்லாத நீ யன்னலில் மூக்கை அமத்திக்கொண்டு நின்றாய். வேலையால் வந்த அப்பா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் கலண்டரைப் பார்த்தார். அடுத்தநாள் விடிய உன்னைக் காரில் ஏற்றி, கப்பல் பிடித்து, அந்தத் தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். "நவமி முடிஞ்சுது, தசமியில கொண்டுபோய் விட்டனான். இப்ப சந்தோசமோ?" என்று என்னைக் கேட்டார். என் பயத்தை அவர் ஒருநாளும் உடைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி பார்த்தார். அது அவருடைய அன்பு. அந்த அன்பில் நான் கொழுத்துப்போனேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்த விமானத்தைப் பற்றி நான் உன்னிடம் ஒரு முறையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. ஏறும்போது ஒன்றும் இல்லை. அப்பா யன்னல் பக்கம், நான் நடைவழிப் பக்கம். நிலானிக்கு எடுத்த சேலைப் பெட்டி அப்பாவின் மடியில். மேலே வைக்க அவர் விடவில்லை. மருமகளின் சீலை நசிந்துவிடுமாம். வடக்கே வரவர யன்னல் வெள்ளையாகிவிட்டது. விமானம் இறங்கியது, இறங்கியது, பிறகு திடீரென்று பெரிதாக இரைந்துகொண்டு மேலே எழும்பியது. பனி கொட்டுகிறது, ஓடுபாதை தெரியவில்லை, சுற்றி வந்து இன்னொரு முறை பார்ப்போம் என்று விமானி சொன்னார். சாப்பாட்டுக் கடையில் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் தேவாரம் சொல்லத் தொடங்கினேன். எந்தத் தேவாரம் என்று கேட்டால் தெரியாது. மூன்று நாலைக் கலந்து சொல்லியிருப்பேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் தரம் இறங்கும்போது காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. ஆட்கள் கத்தினார்கள். அப்போது அப்பா என் காதுக்குக் கிட்டக் குனிந்து, "இஞ்சரப்பா, ராகுகாலம் முடிஞ்சுதோ எண்டு ஒருக்காப் பார்" என்றார். அதுதான் அவர் கடைசியாகக் கதைத்தது. அதற்கு நான் என்ன செய்தேன் என்பதை இந்தக் கடிதத்தின் முடிவில் சொல்கிறேன். இப்போது எழுதினால் மிச்சத்தை எழுத முடியாது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஓடுபாதைக்கு முன்னாலுள்ள வயலுக்குள் விழுந்தோம். நான் இருந்த பக்கத்தால் வெளியே இழுத்தார்கள். அப்பாவும் இன்னும் சிலரும், அந்த விமானியும், வரவில்லை. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கான் எடுக்க வேண்டுமென்று என் தாலிக்கொடியைக் கழற்றி, என் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். அந்த நேரம் அப்பா இல்லை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொந்தக்காரர் கூடி, அழுது, முறைப்படி கழற்றவேண்டியதை ஒரு டேனிஷ்காரப் பிள்ளை 'மன்னியுங்கோ, என் கை கொஞ்சம் குளிரும்' என்று சொல்லிக்கொண்டு கழற்றினாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

அடுத்தநாள் நிலானி வந்தாள். இன்னும் நிச்சயம்கூடச் செய்யாத பெட்டை. என் தலைமயிர் எண்ணெயும் மண்ணும் பிடித்துச் சடையாகிக் கிடந்தது. தாதிமார் பிறகு கழுவலாம் என்றார்கள். அவள் ஒரு பேசினில் சுடுதண்ணி கொண்டுவந்தாள். "மாமி, கண்ணை இறுக்கி மூடுங்க. நான் சொல்லும்வரை திறக்கப்படாது" என்றாள். பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரல். நானும் பிள்ளை மாதிரிக் கண்ணை மூடினேன். மூன்று பேசின் தண்ணி மாற்றினாள். அந்த நேரம் பெரிய மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு நடைவழியில் நின்று யாருக்கோ தொலைபேசியில் சொன்னதும் எனக்குக் கேட்டது: "மட்டக்களப்புச் சம்பந்தம் வேண்டாம் எண்டு அப்பவே தலைப்பாடாச் சொன்னனான். வீட்டுப் படலை திறக்க முன்னமே மாமன்ர உயிரை எடுத்துப்போட்டாள்."

தம்பி, இங்கேதான் நான் செய்த பெரிய பிழை. விமானத்தை மாற்றியது அல்ல. அது பயந்தவள் செய்த வேலை; அதற்கு நான் அழுதுவிட்டேன், இனியும் அழுவேன். ஆனால் அந்தப் பேச்சு நடைவழியிலிருந்து இஷொய்க்குப் போனது, அங்கிருந்து அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வந்தது, கோயிலில் அன்னதான வரிசையில் நின்றது, பிறந்தநாள் கொண்டாட்டங்களில் கேக்கோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. ஒரு வருடம். அந்தப் பெட்டையின் கால் சரியில்லை, நட்சத்திரம் சரியில்லை என்று சனம் சொல்லச்சொல்ல நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஏன் தெரியுமா? அவளைச் சொல்லும்வரைக்கும் என்னை யாரும் கேட்கமாட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். என் தலையைக் கழுவிவிட்டவளின் தலையில் என் பழியை வைத்துவிட்டு, அவள் கொண்டுவந்த சூப்பைக் குடித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆட்டைத்திவசம் முடிந்து, இஷொயில் பெரிய மாமி வீட்டில் எல்லோரும் சாப்பிட இருந்தோம். உனக்கு லீவு கிடைக்கவில்லை, நீ செய்யவேண்டியதை ஐயரே செய்தார். நிலானி வந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் தனியாக ரயிலேறி வந்தாள். குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். பெரிய மாமி வடையைப் பரிமாறிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ஆட்டை முடிஞ்சுது. இனியாவது இந்தக் கலியாணத்தை யோசிக்கவேணும். ஒரு உயிரை எடுத்தது காணாதோ? பொன்னுருக்கு, கூறைத்தட்டு எல்லாம் நானும் இவரும் நிண்டு செய்யலாம் எண்டு இருந்தனாங்கள். ஆனா எனக்கு மனசே கேக்குதில்லை." குசினியில் தண்ணி ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

நான் எழும்பினேன். கையில் சோறு. "மச்சாள், காலமை விமானத்தை மாத்தினது நான்" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். ஒன்பது இருபது, ராகுகாலம், தொலைபேசி, பொய், எல்லாம். கடைசியில், காலை விமானம் வெயிலில் இறங்கினதையும் சொன்னேன்.

பெரிய மாமியின் கையில் வடை அப்படியே நின்றது. "அப்ப... அப்ப நீயெல்லோ என்ர தம்பியைக் கொண்டனி!" என்றார்.

"ஓம் மச்சாள், கொன்ற ஆள் ஒண்டு உங்களுக்குக் கட்டாயம் வேணுமெண்டா என்னைச் சொல்லுங்கோ. இண்டையில இருந்து என்னைச் சொல்லுங்கோ. கோயிலில சொல்லுங்கோ, போனில சொல்லுங்கோ. அந்தப் பிள்ளையின்ர பேர் மட்டும் இனி உங்கட வாயில வரக்கூடாது."

அவர் அழத் தொடங்கினார். நானும் அழுதேன். அவர் அப்பாவைத் தூக்கி வளர்த்த அக்கா. அவருடைய வலி எனக்குத் தெரியாததல்ல. அவருக்கு ஒரு காரணம் வேண்டும். தன் தம்பி பனிக்குள் சும்மா செத்தான் என்று நம்ப அவரால் முடியவில்லை. அதற்காக ஒரு பெட்டையைப் பலி கொடுக்க நான் விடமாட்டேன். அன்று பின்னேரமே அவர் உனக்குத் தொலைபேசி எடுத்திருப்பார், நான் செய்ததைச் சொல்லாமல், கல்யாணத்தை நிறுத்து என்று மட்டும் சொல்லியிருப்பார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. ஊர் கதைக்கட்டும். ஆனால் ஊர் கதைக்கிறதே என்று நீ உன் வாழ்க்கையை மூடிவைக்காதே.

விபத்தை விசாரித்தவர்களின் அறிக்கை வந்தபோது நீ அதை வாசிக்கமாட்டேன் என்றாய். நான் வாசித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குசினி மேசையில், பல நாள். விளங்காத சொல்லை வேலையில் காட்டிக் கேட்டேன். முகில் எவ்வளவு பதிந்து, தாழ இருந்தது என்று இருக்கிறது. காற்று எந்தப் பக்கத்தால் அடித்தது என்று இருக்கிறது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஒரு உயரம் உண்டாம். இரண்டாம் தரம் அதற்கும் கீழே வந்துவிட்டார்கள் என்று இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினேன். ராகு இல்லை. நிலானியின் நட்சத்திரம் இல்லை. நீ எடுத்த சீட்டு இல்லை. நான் மாற்றியதும் இல்லை. பிறகு கோயிலில் இந்த நாட்டுச் சூரியனுக்குக் கணித்த பஞ்சாங்கம் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அந்தக் கிழமை சனிக்கிழமை ராகுகாலம் இங்கே பத்து மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒன்பது இருபதுக்கு ராகு டென்மார்க்கிலேயே இல்லை. அப்பா பகிடிக்குச் சொன்னது சரியாகிவிட்டது, ராகுவுக்கு விசா கிடைக்கவில்லை. நான் நம்பின சாத்திரத்தின்படி பார்த்தாலும் நான் செய்தது பிழை. அன்று மேசையில் இருந்து தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். விமானி திரும்பியிருக்க வேண்டும் என்றாய். ஓம், திரும்பியிருக்க வேண்டும். முதல் தரம் மேலே எழும்பினாரே, அதில் ஒரு வெட்கமும் இல்லை. இரண்டாம் தரமும் எழும்பி, கொப்பன்ஹேகனுக்கே எங்களைக் கொண்டுபோய் விட்டிருந்தால், நிச்சயதார்த்தம் ஒரு கிழமை பிந்தியிருக்கும், அப்பா இன்னொரு காலை புட்டுச் சாப்பிட்டிருப்பார். திரும்பிப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் திரும்பியிருக்க வேண்டியது ஓடுபாதை தெரியாதபடியால். உனக்கு என்ன தெரியவில்லை? நாலு வருடமாக அவள் உன் முன்னால் நிற்கிறாள். உனக்கு அவளைத் தெரியும், அவளுக்கு உன்னைத் தெரியும். வெயிலில் இறங்கக்கூடிய விமானத்தை நான் ஒரு முறை பயத்தில் விட்டுவிட்டேன். நீயும் அதையே செய்யப்போகிறாய், அதற்குப் பெயர் புத்திசாலித்தனம் என்கிறாய். அது என் பழக்கம் தம்பி. என்னிடமிருந்து வந்தது. எனக்கே திருப்பித் தந்துவிடு.

அவளுடைய நன்மைக்காக என்றும் சொன்னாய். அவளிடம் கேட்டாயா? நான் கேட்டேன். நேற்று மத்தியானம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் பிள்ளைகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். இஷொயில் நான் சொன்னதை முழுக்க, அவளுக்கென்று தனியாக, இன்னொரு முறை சொன்னேன். ஒரு வருடம் நான் வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். பிறகு, "மாமி, நீங்க இத அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"ஓம் பிள்ளை. சொல்லியிருக்கலாம்" என்றேன். அவள் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. அது எனக்கு நல்லதாகவே பட்டது. பொய்க்குச் சிரிக்கிற மருமகள் எனக்கு வேண்டாம்.

பிறகு என் தாலிக்கொடியைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பிளாஸ்டிக் பையில்தான் இன்னும் கிடக்கிறது. பொன்னுருக்கில் அதிலிருந்து பொன் எடுத்து அவளுடைய தாலியை உருக்கலாமா என்று கேட்டேன். புருஷனை இழந்தவளின் தாலிப் பொன் மணமகளுக்கு ஆகாது என்று சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். எனக்கு அந்தப் பொன்னில் ஒரு குறையும் தெரியவில்லை என்றும் சொன்னேன். ஒரு நல்ல மனிசன் கட்டினது. முப்பத்துநாலு வருடம் என் கழுத்தில் கிடந்து, அவருடைய பகிடி எல்லாம் கேட்டது. விருப்பம் இல்லாவிட்டால் காப்பு செய்வோம், மனதில் வைக்கமாட்டேன் என்றேன்.

அவள் சொன்னாள்: "தாலியே செய்யுங்க மாமி. ஆனா பாரம் குறைவாச் செய்யச் சொல்லுங்க. வேலையில சின்னனுகள் கழுத்தைப் பிடிச்சுத் தொங்குதுகள்."

பார், நீ இங்கே கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று டேனிஷில் யோசித்துக்கொண்டிருக்கிறாய். அவள் தாலியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவருக்குப் பயம் மாமி. எனக்கும் பயந்தான். அதுக்காக நான் விட்டுட்டுப் போகமாட்டன். போகவேணுமெண்டா அவர் என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றாள். போய்ச் சொல்லு பார்ப்போம். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நடக்கப்போவது இது. பத்தர் வருவார், நேற்றே அவருக்கு எடுத்து உறுதிப்படுத்திவிட்டேன், நீ மறித்திருந்தாலும் வருவார். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் பொன் உருகும். அடுப்புக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். வைகாசியில் உங்கள் கல்யாணத்தில் தாலியும் கூறைச்சேலையும் வைத்த கூறைத்தட்டை நான்தான் தூக்குவேன். புருஷன் இல்லாதவள் தட்டைத் தொடக்கூடாது என்கிறவர்கள் கதிரையில் இருந்து வடிவாகப் பார்க்கலாம். மண்டபத்தில் கதிரைக்குக் குறைவில்லை. பெரிய மாமிக்கும் அழைப்பு உண்டு. அவருக்கு முன்வரிசையில் இடம் வை. வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இருத்து. வராவிட்டால் சாப்பாடு கட்டி அனுப்புவோம். அவரோடு எனக்குக் கோபம் இல்லை, இனிப் பயமும் இல்லை.

நாளை மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது இருபது விமானத்தில் சீட்டு எடுத்துவிட்டேன். விமானத்தில் வரவேண்டாம் என்று செவ்வாய்க்கிழமை கெஞ்சினாய். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. சீட்டு எடுத்த அன்று அதை மாற்ற இரண்டு தரம் தொலைபேசியைத் தூக்கி வைத்தேன். ஆனால் அந்த விமானத்தில் நான் ஏறவேண்டும். போன வருடம் ஏறியிருக்க வேண்டிய விமானம் அது. பனி கொட்டி, விமானி திரும்பிப் போனால், அவரைக் கும்பிட்டுவிட்டு அடுத்ததில் வருவேன். அதுவும் இல்லையென்றால் ரயிலில் வருவேன். வராமல் மட்டும் இருக்கமாட்டேன்.

இனி, முடிவில் சொல்கிறேன் என்றதைச் சொல்லவேண்டும். ராகுகாலம் முடிஞ்சுதோ என்று ஒருக்காப் பார் என்று அப்பா சொன்னாரே. நான் பார்த்தேன். அவர் பகிடி விடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே கையைத் திருப்பி, சட்டைக் கையை ஒதுக்கி, மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்று ஐம்பத்தெட்டு. அந்த முள் இரண்டும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. அவருடைய முகம் நிற்கவில்லை, ஏனென்றால் நான் அதைப் பார்க்கவில்லை. நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. ஒரு வருடமாக அந்தச் சொல்லை ஒரு குற்றச்சாட்டாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதுதான், உனக்கு இதை எழுதும்போதுதான், அந்தக் குரலைச் சரியாகக் கேட்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார், தம்பி. எனக்கு உயிர் போகிற பயம் என்று தெரிந்து, என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். என் பயத்தைச் சுற்றி வழி தேடின அதே மனிசன். நான் நிமிர்ந்திருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்கும்.

ஆகவே உனக்கு ஒரே ஒரு புத்திமதி. தாலி கட்டுகிற நேரம் முகூர்த்தம் தப்புகிறது, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். நேரம் பார்க்க ஐயர் இருக்கிறார். நீ அவளுடைய முகத்தைப் பார்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. நான் எத்தனை மணிக்கு இறங்கினேன் என்று என்னிடம் கேட்காதே. மணிக்கூட்டை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

உன் அம்மா